102 நாட்கள்: ‘பாப்ஸ்டார்’ அரங்கில் படுத்து வீட்டில் எழுந்த விதம்

2016 ஜூன் 3, வெள்ளிக்கிழமை அன்று ‘பாப்ஸ்டார்: நெவர் ஸ்டாப் நெவர் ஸ்டாப்பிங்’ என்ற நகைச்சுவைப் படத்தை யுனிவர்சல் நிறுவனம் அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அரங்குகளில் வெளியிட்டது. படத்தின் செலவு சுமார் 2 கோடி டாலர். முதல் மூன்று நாள் வசூல் 50 லட்சம் டாலரைத் தொடவில்லை. அந்த வார வசூல் வரிசையில் கிடைத்தது எட்டாம் இடம். ஓடி முடிந்தபோது உலகம் முழுவதும் கூட்டிப் பார்த்தும் ஒரு கோடி டாலர் தேறவில்லை. செப்டம்பர் 13, செவ்வாய்க்கிழமை, படத்தின் டிவிடியும் ப்ளூ-ரேயும் கடைக்கு வந்தன. இடையில் கழிந்தவை 102 நாட்கள்.

அரங்கில் தோற்ற படம் வட்டாக வருவது புதிதல்ல. அவற்றில் பெரும்பாலானவை கழிவு விலைக் கூடையில் கிடந்து காணாமல் போகும். இந்தப் படத்துக்கு அப்படி நேரவில்லை. வீட்டில் பார்த்தவர்கள் அடுத்தவரிடம் சொல்லி, அவர்கள் இன்னொருவரை உட்கார வைத்துக் காட்டி, பாப் இசையுலகின் பகட்டைக் கேலி செய்யும் படங்கள் என்று பேச்செடுத்தால் விட்டுவிட முடியாத பெயராக அதை ஆக்கிவிட்டார்கள். அரங்கில் படுத்ததற்கும் வீட்டில் எழுந்ததற்கும் காரணம் ஒன்றேதான் என்பது என் கணிப்பு. இதை எடுத்த மூவரும் பத்தாண்டுகளாகத் தங்கள் ரசிகர்களை வீட்டிலிருந்தபடியே பார்க்கப் பழக்கியிருந்தார்கள். படத்தையும் அந்தப் பழக்கத்துக்கு ஏற்றபடியே நெருக்கமாக நெய்திருந்தார்கள்.

மூன்று பேரும் ஒரு பழக்கமும்

ஆண்டி சாம்பெர்க், அகிவா ஷேஃபர், ஜோர்மா டகோனி ஆகிய மூவரும் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பள்ளிக்காலத்திலேயே நண்பர்கள். ‘லோன்லி ஐலண்ட்’ என்ற பெயரில் சேர்ந்து இயங்கிய இவர்கள் 2005இல் என்பிசி தொலைக்காட்சியின் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நகைச்சுவை நிகழ்ச்சிக்குள் நுழைந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 17 அன்று ஒளிபரப்பான ‘லேஸி சண்டே’ என்ற குறும்பாடலில் இரண்டு ஆண்கள், தெருச்சண்டைக்குக் கிளம்புகிறவர்களின் ஆவேசத்தோடு, கப்கேக் வாங்குவதையும் சிறுவர் படம் பார்க்கப் போவதையும் பற்றி ராப் பாடுவார்கள். அப்போது யூடியூப் தொடங்கி ஓராண்டு கூட நிறையவில்லை. அந்தப் பாடல் அங்கே பரவிய வேகத்தைக் கண்டு, 2006 பிப்ரவரியில் என்பிசியே தலையிட்டு அதை நீக்கச் சொன்னது. அதற்குள் பல லட்சம் பேர், சனிக்கிழமை இரவு தொலைக்காட்சி முன் உட்காராமலேயே, இந்த மூவரையும் கணினித் திரையில் பார்த்துவிட்டிருந்தார்கள்.

இந்த விவகாரம் முழுவதற்கும் திறவுகோல் அந்தப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன். மூன்று நிமிடம், கைக்கெட்டும் திரை, காசு கிடையாது, பிடித்திருந்தால் உடனே இன்னொரு முறை. அடுத்த பத்தாண்டுகளில் இவர்கள் மூன்று ஆல்பங்கள் போட்டார்கள். 2006இல் ஜஸ்டின் டிம்பர்லேக்குடன் சேர்ந்து செய்த ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுக்கு மறு ஆண்டு எம்மி விருது கிடைத்தது. கேலிக்காகப் பாடியவர்கள், மெய்யாகவே பாட்டு விற்பவர்களாக ஆகியிருந்தார்கள். ஆனால் பெரிய திரைக்கு அழைத்தபோதெல்லாம் ரசிகர்கள் வர மறுத்தார்கள். ஷேஃபர் இயக்கி சாம்பெர்க் நடித்த ‘ஹாட் ராட்’ 2007இல் போட்ட காசை எடுக்கவில்லை. டகோனி இயக்கிய ‘மெக்ரூபர்’ 2010இல் அதைவிட மோசமாக விழுந்தது. இரண்டுக்கும் பின்னால் வீட்டில்தான் ஆதரவாளர் கூட்டம் சேர்ந்தது. ஆகவே 2016இல் நடந்ததை விபத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே பள்ளத்தில் மூன்றாம் முறை விழுந்திருக்கிறார்கள்.

கானரின் கதை

கானர் ஃப்ரீல் என்ற பாத்திரத்தில் சாம்பெர்க் நடிக்கிறார். சிறுவயதுத் தோழர்களான ஓவன், லாரன்ஸ் இருவருடன் ‘ஸ்டைல் பாய்ஸ்’ என்ற குழுவில் பாடிப் புகழ் பெற்ற கானர், வேறொரு பாடகியின் பாட்டில் இடையே வந்து ஒரு ராப் பத்தி பாடுகிறான்; அது விருது வாங்குகிறது. அந்தப் பத்தியை எழுதியவன் லாரன்ஸ். விருது மேடையில் கானர் அவன் பெயரைச் சொல்லவில்லை. லாரன்ஸ் கோபித்துக்கொண்டு கொலராடோவில் விவசாயம் செய்யப் போய்விட, ஓவன் மட்டும் கானருக்கு டிஜே என்ற பெயரில் மேடையில் நிற்கிறான். அவன் வேலை ஐபாடில் ஒரு பொத்தானை அழுத்துவது. தனியாகப் பாடத் தொடங்கிய கானரின் முதல் ஆல்பம் ஓகோவென்று விற்கிறது. இரண்டாவதில் தலைக்கனம் உச்சத்துக்கு ஏற, ஓவனின் மெட்டுகளைத் தள்ளிவிட்டுத் தயாரிப்பாளர்களின் பெரும் படையையே வைத்துப் பாட்டு செய்கிறான். ஆல்பம் விழுகிறது. ஒரு பத்திரிகை நட்சத்திர மதிப்பெண்ணுக்குப் பதிலாக மலக்குவியல் எமோஜியைப் போட்டுவிடுகிறது. இவ்வளவையும் ஓர் ஆவணப்படக் குழு கூடவே இருந்து படம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் படத்தின் பாவனை.

கதை என்று பார்த்தால் இது பழைய சரக்கு. ஏற்றம், அகந்தை, வீழ்ச்சி, நண்பர்கள் மீண்டும் கூடுதல். ஆனால் எடுத்தவர்கள் யார் என்று நினைத்துப் பார்த்தால் அதற்குள் ஒரு முள் இருப்பது தெரியும். ஓவனாக வருபவர் டகோனி. லாரன்ஸாக வருபவர் ஷேஃபர். இயக்குநர்களும் அவர்கள் இருவரே. மூவராகத் தொடங்கி, ஒருவர் முகம் மட்டும் ஊருக்குத் தெரிந்துபோன குழு அவர்களுடையது. சாம்பெர்க் 2013இல் ‘புரூக்ளின் நைன்-நைன்’ தொடரின் நாயகனாகி, 2014 ஜனவரியில் கோல்டன் குளோப் விருதும் வாங்கினார். மற்ற இருவரும் கேமராவுக்குப் பின்னால் இருந்தார்கள். மெய்யான வாழ்வில் அவர்களுக்குள் மனக்கசப்பு எதுவும் இருந்ததாகப் படம் காட்டிக்கொள்ளவில்லை, நானும் அப்படிச் சொல்ல வரவில்லை. ஆனால் ஐபாடின் முன் கைகட்டி நிற்கும் ஓவனின் முகத்தில் டகோனி கொண்டுவரும் அந்தப் பொறுமையான, சற்றே அவமானப்பட்ட சிரிப்பு, வெறும் கேலிப்படத்தில் கிடைக்கக்கூடியதல்ல.

கேலிக்கு உள்ளானது எது

பெயரே முகவரியைச் சொல்லிவிடுகிறது. 2011 பிப்ரவரியில் வெளியான ‘ஜஸ்டின் பீபர்: நெவர் சே நெவர்’ என்ற முப்பரிமாண ஆவணப்படம், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் கச்சேரியை நோக்கிப் பத்து நாட்களை எண்ணிக்கொண்டு போகும். குழந்தைப் பருவத்தில் மேளம் தட்டும் வீட்டுக் காணொலி, அழும் ரசிகைகள், தொண்டை கட்டிப்போனதால் எழும் நெருக்கடி, கடைசியில் மேடை வெற்றி என்று அது ஒரு சூத்திரத்தை நிலைநிறுத்தியது. அமெரிக்காவில் மட்டும் 7 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அந்தப் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர் ஸ்கூட்டர் பிரான், அதாவது அப்போது பீபரின் மேலாளராக இருந்தவரே. நட்சத்திரத்தை விற்பவர் எடுக்கும் படத்தில் நட்சத்திரம் எப்படி இருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2012இல் கேட்டி பெர்ரி, 2013இல் ஒன் டைரக்‌ஷன் என்று அதே அச்சில் அடுத்தடுத்து வந்தன.

‘பாப்ஸ்டார்’ இந்தச் சூத்திரத்தை உடைக்க முயலாமல், அதற்கு முழுக்கக் கீழ்ப்படிவதன் வழியாகவே கேலி செய்கிறது. குழந்தைக் கானர் மேளம் அடிக்கிறான். தாய் பேட்டி கொடுக்கிறார். சம்பளப் பட்டியலில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு, பக்கத்தில் நின்று கானரை உயரமாகக் காட்டுவதுதான் உத்தியோகம். யாரும் மறுத்துப் பேசுவதில்லை. எதைக் கேட்டாலும் ஆமாம் சாமி போடும் இந்தக் கூட்டத்தை, மெய்யான ஆவணப்படங்கள் ‘குடும்பம்’ என்று அழைக்கும்; இந்தப் படம் அதே சொல்லை, அதே கனிந்த வெளிச்சத்தில் சொல்லிவிட்டு, கேமராவை இரண்டு நொடி கூடுதலாக அங்கேயே நிறுத்தி வைக்கிறது.

இன்னொரு நுட்பம், பேட்டி கொடுக்கும் மெய்யான பிரபலங்கள். ரிங்கோ ஸ்டார், மரையா கேரி, நாஸ், கேரி அண்டர்வுட், ஃபிஃப்டி சென்ட், குவெஸ்ட்லவ் என்று வரிசையாக வந்து, கானர் என்ற இல்லாத ஆளைப் பற்றி முகத்தில் சிரிப்பின் நிழல் கூட இல்லாமல் பேசுகிறார்கள். இவர்களில் இருவரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ‘நெவர் சே நெவர்’ படத்தில் பீபரின் வழிகாட்டியாக வந்தவர் பாடகர் அஷர். அவரே இங்கும் வந்து, ‘ஸ்டைல் பாய்ஸ்’ குழுவின் நடனம்தான் தன்னை ஆடவைத்தது என்று உருகுகிறார். ஒன் டைரக்‌ஷன் ஆவணப்படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர் சைமன் கவல்; அவரும் இங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கேலிக்கு உள்ளாகும் தொழிற்சாலையின் மேஸ்திரிகளே கேலியிலும் கூலிக்கு நிற்கிறார்கள். இதனால் நையாண்டியின் பல் மழுங்கிவிட்டது என்று குறை சொன்னால் அதில் நியாயம் உண்டு. படம் எந்தத் தனி மனிதரையும் காயப்படுத்துவதில்லை. ஆனால் தன்னைத்தானே கேலி செய்துகொள்வதையும் ஒரு விளம்பரமாக மாற்றிக்கொள்ளத் தெரிந்த தொழில் அது என்பதை, வேறு எந்த வகையிலும் இவ்வளவு சுருக்கமாகக் காட்டியிருக்க முடியாது என்றும் எனக்குத் தோன்றுகிறது.

பாட்டுகள் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மற்ற கேலிப்படங்களில் பாட்டு மோசமாக இருப்பதே நகைச்சுவை. இங்கே மெட்டும் தாளமும் வானொலியில் போட்டால் யாரும் சந்தேகப்படாத தரத்தில் இருக்கின்றன, பிழை முழுவதும் சொல்லில்தான். தன்னடக்கத்தைப் பற்றிய பாட்டில் தன் அடக்கத்தை அவன் பீற்றிக்கொண்டே போகிறான். மோனாலிசா ஓவியம் எதிர்பார்த்த அளவு இல்லை என்று ஒரு முழுப் பாட்டில் புலம்புகிறான். எனக்கு மிகவும் பிடித்தது, தன்பால் ஈர்ப்பினரின் திருமண உரிமைக்காக அவன் பாடும் பாட்டு; பாடகி பிங்க்கும் உடன் சேர்ந்து பாடுகிறார். உரிமைக் குரல் ஓங்கிக்கொண்டே போகப்போக, பாடுகிறவன் தான் அந்த வகை இல்லை என்று மூச்சுக்கு மூச்சு இடைமறித்துச் சொல்லும் பதற்றமும் ஓங்கிக்கொண்டே போகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015 ஜூன் 26 அன்றே அந்த உரிமையை நாடு முழுவதற்கும் வழங்கிவிட்டது. படத்தில் அதைச் சுட்டிக்காட்டுபவர், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்ட ரிங்கோ ஸ்டார்.

இரண்டாவது ஆல்பத்தை விற்கும் வழி இன்னும் கூர்மையானது. ‘அக்வாஸ்பின்’ என்ற வீட்டுச் சாதன நிறுவனத்துடன் கானர் ஒப்பந்தம் போடுகிறான். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் அவன் பாட்டு, மைக்ரோவேவைத் திறந்தால் அவன் பாட்டு. ஒரே நேரத்தில் அத்தனை பெட்டிகளும் பாட, நாடு முழுவதும் மின்சாரம் போய்விடுகிறது; ஆல்பத்தைக் கேட்காதவர்களும் கானரைச் சபிக்கிறார்கள். இதன் மூலம் எது என்று ஊருக்கே தெரியும். 2014 செப்டம்பர் 9 அன்று ஆப்பிள் நிறுவனம் யூ2 குழுவின் புதிய ஆல்பத்தை, 50 கோடி ஐடியூன்ஸ் கணக்குகளுக்குள் கேட்காமலேயே கொண்டுபோய் வைத்தது. இலவசமாகக் கொடுத்தும் திட்டு வாங்கிய அபூர்வப் பரிசு அது. நீக்குவதற்கென்றே ஆப்பிள் தனி வழி செய்து கொடுக்க வேண்டியிருந்தது; அடுத்த மாதம் யூ2 குழுவின் பாடகர் போனோ வருத்தம் தெரிவித்தார்.

அரங்கில் நடந்தது

இவ்வளவு கூர்மையான படம் ஏன் விழுந்தது? அன்றைய வெள்ளிக்கிழமையே வசதியாக இல்லை. அதே நாளில் நிஞ்ஜா ஆமைகள் படத்தின் இரண்டாம் பாகமும், ‘மீ பிஃபோர் யூ’ என்ற காதல் படமும் வெளியாகி, குடும்பங்களையும் இணையர்களையும் பங்கு போட்டுக்கொண்டன. (கானரும் ஓர் ஆமை வளர்க்கிறான். அந்த ஆமை இறந்தும் போகிறது. அன்றைய வசூலைப் பார்த்த எவருக்கும் அது கசப்பான ஒற்றுமையாகப் பட்டிருக்கும்.) அதோடு தணிக்கைச் சான்றும் சேர்ந்துகொண்டது. நிர்வாணம், போதை, கெட்ட வார்த்தை ஆகியவற்றுக்காக ‘ஆர்’ சான்று பெற்ற படத்துக்கு, 17 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் துணை இல்லாமல் போக முடியாது. பாப் ஆவணப்படங்களைக் கூட்டமாகப் போய்ப் பார்த்தவர்கள் அந்த வயதுக்காரர்கள்தான். எந்தப் படங்களை இது கேலி செய்ததோ அவற்றைப் பார்த்தவர்கள் உள்ளே வர முடியவில்லை. உள்ளே வர முடிந்தவர்கள் அவற்றைப் பார்த்ததில்லை.

காலமும் நழுவியிருந்தது. 2013இல் பீபர், ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் இல்லத்தின் பார்வையாளர் ஏட்டில் எழுதிய வரியாலும், மியூனிக் விமான நிலையத்தில் பறிமுதலான குரங்காலும் உலகச் செய்தியாக இருந்தார். அந்த ஆண்டில் இப்படம் வந்திருந்தால் நிலைமை வேறு. 2015 மார்ச்சில் அவரே தொலைக்காட்சி மேடையில் உட்கார்ந்து தன்னைக் கேலி செய்ய அனுமதித்து, நவம்பரில் ‘பர்பஸ்’ ஆல்பத்தை வெளியிட்டு, மன்னிப்புக் கேட்கும் தொனியிலேயே முதலிடம் பிடித்துவிட்டார். 2016 ஜூனில் ஊர் அவரை மன்னித்துவிட்டிருந்தது. விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்க வருகிறவர்கள், எழுந்து நின்றவனைப் பார்த்துச் சிரிக்க டிக்கெட் எடுப்பதில்லை.

விமரிசகர்கள் பெரும்பாலும் பாராட்டியே எழுதினார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஆனால் பாராட்டைப் படித்தவர்களும், ‘நல்ல படம்தான், வட்டில் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்ற மனநிலையில்தான் இருந்திருக்க வேண்டும். பத்தாண்டுப் பழக்கம் அப்படிச் சுலபமாக விடாது.

நிறுத்திப் பார்க்கும் பொத்தான்

நான் இந்தப் படத்தை அரங்கில் பார்த்தவன் அல்ல, வட்டில்தான் பார்த்தேன். முதல் முறை பார்த்தபோது சுமாராக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படம், ஆனால் ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த மூன்று கடந்து போய்விடுகின்றன. அரங்கில் கூட்டம் சிரிக்கும்போது அடுத்த வரி காதில் விழாது; வீட்டில் தனியாகப் பார்த்த எனக்கே விழவில்லை. இரண்டாம் முறை, கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் அது வேறு படமாகத் தெரிந்தது.

ஓர் உதாரணம். கானரின் ஒவ்வொரு அவமானத்துக்குப் பிறகும், பிரபலங்களின் அந்தரங்கத்தைத் துருவும் ஒரு வம்புச் செய்தி நிகழ்ச்சியின் அலுவலகம் காட்டப்படுகிறது. மேசைகளின் மேல் சாய்ந்தபடி ஊழியர்கள் செய்தியைச் சொல்ல, தலைவராக வரும் வில் ஆர்னெட் கையில் ஒரு குவளையும் உறிஞ்சுகுழலும் வைத்துக்கொண்டு கெக்கலிக்கிறார். இது ‘டிஎம்இசட்’ நிகழ்ச்சியின் நகல் என்று அமெரிக்காவில் குழந்தைக்கும் தெரியும். முதல் முறை பார்க்கும்போது அவர்கள் சொல்லும் செய்திக்கு மட்டும் சிரித்தேன். மறுமுறை நிறுத்திப் பார்த்தால், காட்சிக்குக் காட்சி குவளை பெரிதாகிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் அதைக் குவளை என்று அழைப்பதே சரியா என்று சந்தேகம் வருகிறது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேட்டியின் அடியில் ஓடும் பெயரெழுத்து, கைப்பேசியில் எடுத்ததாகக் காட்டும் துண்டுக் காணொலி, பாட்டின் இரண்டாம் சரணத்தில் முணுமுணுத்துப் போகும் ஒரு வரி என்று படம் நெடுக இப்படிப் புதைத்து வைத்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டே இருக்கும் அரங்கப் படத்துக்கு இது வீண் செலவு. நிறுத்தவும் பின்னோக்கி ஓட்டவும் முடிகிற திரைக்கு இதுதான் மூலதனம்.

போலி ஆவணப்படம் என்ற வடிவமே வட்டுக்கு ஏற்ற இன்னொரு பண்பையும் கொண்டிருக்கிறது. பேட்டிகளால் கோக்கப்படும் படத்தில் நடிகர்கள் ஒரே கேள்விக்குப் பத்து விதமாகப் பதில் சொல்லிப் பார்ப்பார்கள். தொகுப்பாளர் ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்பதைத் தள்ளிவிடுவார். கதை குலையாது, ஏனென்றால் பேட்டிக்குத் தொடர்ச்சி தேவையில்லை. தள்ளப்பட்ட அந்த ஒன்பதும் வட்டின் கூடுதல் பகுதிகளில் வந்து சேர்கின்றன. ‘பாப்ஸ்டார்’ வட்டில் அவற்றோடு மூவரும் சேர்ந்து பேசும் உரைத்தடமும் இருக்கிறது. பள்ளித் தோழர்கள் ஒருவரை ஒருவர் கலாய்த்துக்கொள்வதைக் கேட்கும்போது, கானர் இழந்தது என்ன என்பது படத்தில் பார்ப்பதைவிடத் தெளிவாக விளங்குகிறது.

இதற்கெல்லாம் மேலாக, கேலிக்கு உள்ளான பண்டமே பின்னர் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. 2017இல் லேடி காகா, 2020இல் டெய்லர் ஸ்விஃப்ட், 2021இல் பில்லி ஐலிஷ் என்று நட்சத்திர ஆவணப்படங்கள் நெட்ஃபிளிக்ஸ், ஆப்பிள் டிவி பிளஸ் போன்ற தளங்களில் வரிசை கட்டின. 2020இல் பீபரே யூடியூபுக்கு ஒரு தொடராக வந்தார். முன்பு பதின்வயதினர் மட்டும் அரங்குக்குப் போய்ப் பார்த்த அந்தச் சூத்திரத்தை, இப்போது நாற்பது வயதுக்காரரும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சாய்வு நாற்காலியில் பார்க்கிறார். கண்ணாடி முன் தனிமையில் கண்கலங்கும் நட்சத்திரம், அந்தத் தனிமையைப் படம் பிடிக்கும் மூன்று கேமராக்கள். 2016இல் பலருக்குப் புரியாமல் போன கேலிக்கு உரை எழுதியவர்கள், பின்னால் வந்த இந்த மெய்யான ஆவணப்படக்காரர்களே. வந்த காலத்தைவிட இப்போது இந்தப் படம் அதிகம் சிரிக்க வைப்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

முன்னே போனவர்கள்

இந்தப் பாதையில் நடந்த முதல் படம் இதுவல்ல. பீட்டில்ஸ் குழுவைக் கேலி செய்து நகைச்சுவை நடிகர் எரிக் ஐடில் உருவாக்கிய ‘தி ரட்டில்ஸ்’ குழுவின் போலி ஆவணப்படம் 1978 மார்ச் 22 அன்று என்பிசியில் ஒளிபரப்பானபோது, அந்த வாரப் பார்வையாளர் பட்டியலில் கடைசி இடத்தைப் பிடித்தது. அதிலும் மிக் ஜாகர், பால் சைமன் போன்ற மெய்யான பாடகர்கள் பேட்டி கொடுத்தார்கள்; பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனே ஒரு நிருபராக வேடம் போட்டார். 38 ஆண்டுகள் கழித்து அதே குழுவின் ரிங்கோ ஸ்டார் கானரைப் பற்றிப் பேச வந்து உட்கார்ந்ததில் ஓர் அழகு இருக்கிறது.

ராப் ரைனர் இயக்கிய ‘திஸ் இஸ் ஸ்பைனல் டாப்’ 1984 மார்ச்சில் வந்தது. இல்லாத ஆங்கில ராக் குழு ஒன்றின் அமெரிக்கப் பயணத்தை அது பின்தொடர்ந்தது. முன்னோட்டக் காட்சிகளைப் பார்த்த சிலர், பேர் தெரியாத குழுவைப் பற்றி ஏன் ஆவணப்படம் எடுத்தீர்கள் என்று இயக்குநரையே கேட்டார்கள். அரங்கில் சுமாராகப் போன படம், விசிஆர் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலத்தில் கேசட்டாகச் சுற்றிச் சுற்றி, 2002இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம் பெற்றது. ஆனால் வீட்டில் ஜெயிப்பதற்கு ஒரு விலையும் உண்டு. ‘பாப்ஸ்டார்’ வட்டு கடைக்கு வந்த மறு மாதம், 2016 அக்டோபரில், ஸ்பைனல் டாப் படைப்பாளிகளில் ஒருவரான ஹாரி ஷியரர், உரிமையை வைத்திருந்த விவெண்டி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 1984 முதல் 2006 வரை வணிகப் பொருள் விற்பனையில் படைப்பாளிகள் நால்வருக்கும் சேர்த்துக் கணக்குக் காட்டப்பட்ட பங்கு 81 டாலர் என்றும், 1989 முதல் 2006 வரை பாடல் விற்பனையில் 98 டாலர் என்றும் மனுவில் சொல்லப்பட்டிருந்தது. வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. அரங்க வசூல் திங்கட்கிழமை காலையில் ஊருக்கே தெரிந்துவிடும். வீட்டில் ஓடியதன் கணக்கு அப்படி யார் கண்ணிலும் படுவதில்லை. 2016இல் நிலைமை இன்னும் இறுக்கம், ஏனென்றால் டிவிடி விற்பனை தன் உச்சத்தைத் தாண்டிப் பத்தாண்டு ஆகியிருந்தது. ரசிகர்கள் கிடைத்தார்கள் என்பதால் போட்ட காசும் திரும்பியது என்று நினைத்துவிடக் கூடாது.

மூவரும் பாடம் படித்தார்களா என்றால், அடுத்து அவர்கள் வைத்த அடிகள் அப்படித்தான் காட்டுகின்றன. 1980களின் பேஸ்பால் வீரர்கள் இருவரைப் பாட்டுகளாலேயே கேலி செய்யும் அரைமணி நேரப் படத்தை 2019 மே மாதம் நேராக நெட்ஃபிளிக்ஸில் வெளியிட்டார்கள். அவர்கள் தயாரித்த ‘பாம் ஸ்பிரிங்ஸ்’ 2020 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் 1 கோடியே 75 லட்சம் டாலரும் 69 சென்ட்டும் விலை போனது. விழாவின் முந்தைய சாதனை விலையைத் தாண்டுவதற்காகச் சேர்த்த அந்தச் சில்லறையும் ஒரு நகைச்சுவையே. அது ஜூலையில் ஹுலு தளத்துக்கு வந்தது. ‘மெக்ரூபர்’ 2021 டிசம்பரில் பீகாக் தளத்தில் தொடராக உயிர் பெற்றது. ஷேஃபர் இயக்கி 2022இல் டிஸ்னி பிளஸில் வந்த ‘சிப் அண்ட் டேல்’ படம் எம்மி வாங்கியது. 2025 ஆகஸ்டில்தான் அவர் ‘தி நேக்கட் கன்’ படத்தோடு அரங்குக்குத் திரும்பினார், செலவைப் போல் இரு மடங்குக்கு மேல் வசூலும் வந்தது. அதையும் நான் அரங்குக்குப் போய்ப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும்வரை காத்திருந்து, ரிமோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன்.